விசேஷம் இல்லாத நாட்களைப் பதிவு செய்வது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

நம் வீடுகளில் கல்யாண ஆல்பம் இருக்கும். வளைகாப்பு, காதுகுத்து, கிரகப்பிரவேசம் எல்லாவற்றுக்கும் படங்கள் இருக்கும். அவற்றில் எல்லோரும் பட்டு உடுத்தி, நேராக நின்று, கேமராவைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் அதே வீட்டில் அந்த வருடத்துச் சமையலறை எப்படி இருந்தது? குடிதண்ணீரை எந்தப் பாத்திரத்தில் வைத்திருந்தார்கள்? பாட்டி மத்தியானத்தில் எந்த மூலையில் தலைசாய்ப்பார்? தெருவில் கீரைக்காரர் என்ன சொல்லிக் கூவுவார்? இந்தக் கேள்விகளுக்குப் பெரும்பாலான வீடுகளில் பதில் இல்லை. விசேஷ நாளைப் பதிவு செய்ய ஊரே திரண்டு வருகிறது. மற்ற நாட்களுக்கு யாரும் இல்லை. அவைதான் முதலில் மறைகின்றன.

காரணம் எளிமையானது. தினமும் நடப்பதை எப்படி மறப்போம் என்று நினைக்கிறோம். உண்மையில் தினமும் நடப்பதைத்தான் நினைவு ஒன்றோடு ஒன்று கலந்துவிடுகிறது. "அப்பா மாலையில் வந்து காபி குடிப்பார்" என்பது தங்கிவிடும். எந்த டம்ளரில் குடித்தார், குடித்துக்கொண்டே என்ன பேசினார், செருப்பை எங்கே விட்டார் என்பவை போய்விடும். ஒரு மனிதர் நமக்குத் திரும்பக் கிடைப்பது அந்தச் சின்ன விவரங்களில்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இதை ஓர் ஆய்வும் தொட்டுப் பார்த்திருக்கிறது. 2014-ஆம் ஆண்டு சைக்காலஜிக்கல் சயின்ஸ் இதழில் டிங் ஜாங் என்ற ஆய்வாளரும் அவருடைய சக ஆய்வாளர்களும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மாணவர்கள் சிலரிடம் அண்மையில் நடந்த உரையாடல், அப்போது கேட்டுக்கொண்டிருந்த பாடல்கள் போன்றவற்றை எழுதி வாங்கினார்கள். மூன்று மாதம் கழித்து இதைப் படிக்க எவ்வளவு ஆர்வமாக இருப்பீர்கள் என்று முன்கூட்டியே கேட்டார்கள். நேரம் வந்தபோது, அவர்கள் ஊகித்ததைவிட ஆர்வம் அதிகமாக இருந்தது. அதே ஆய்வின் இன்னொரு பகுதியில் காதலர் தினத்தைப் பற்றியும் ஒரு சாதாரண நாளைப் பற்றியும் எழுதச் சொன்னார்கள். விசேஷ நாளின் மதிப்பை ஊகிப்பதில் பெரிய பிழை இல்லை. சாதாரண நாளின் மதிப்பைத்தான் குறைத்து எடைபோட்டிருந்தார்கள். எழுதும்போது "இதில் என்ன இருக்கிறது" என்று உங்களுக்குத் தோன்றினால் இந்த ஆய்வை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணம் எல்லோருக்கும் வருவது. அதை நம்பி நிறுத்திவிடாதீர்கள்.

நமக்கு நெருக்கமான சான்று புதுச்சேரியில் இருக்கிறது. பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 செப்டம்பரில் தொடங்கி 1761-இல் இறக்கும் வரை நாட்குறிப்பு எழுதினார். போரும் அரசியலும் அதில் உண்டு. கூடவே எந்தக் கப்பல் வந்தது, யாருக்கு எத்தனை பீரங்கி முழங்கி மரியாதை செய்தார்கள், யார் யாரிடம் என்ன பேசினார், சரக்கு என்ன விலைக்குப் போனது என்பதெல்லாம் அன்றைய பேச்சுத் தமிழிலேயே பதிவாகியிருக்கிறது. 1846-இல்தான் அது மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தது. பிறகு ஆங்கிலத்தில் 12 தொகுதிகளாக வெளியானது. போர்களைப் பற்றி அறியப் பிரெஞ்சு, ஆங்கில ஆவணங்கள் எத்தனையோ உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டுத் தமிழர் ஒருவர் அன்றாடம் எதைப் பார்த்தார், எதைப் பொருட்படுத்தினார் என்பதை இவ்வளவு நெருக்கமாகக் காட்ட இதைப் போல வேறொன்றைக் காண்பது அரிது.

இனி வேலைக்கு வருவோம்.

முதலில் எதை எடுப்பது

எல்லாவற்றையும் பதிவு செய்ய முயன்றால் ஒரு வாரத்தில் அலுத்துவிடும். ஒரே ஒரு கேள்வியைக் கேட்டு வடிகட்டுங்கள்: இதைப் பற்றி இருபது வருடம் கழித்து யாராவது கேட்டால், பதில் சொல்ல ஆள் இருக்குமா? இல்லை என்றால் அதுதான் உங்கள் முதல் பொருள்.

வீட்டிலேயே வயதில் மூத்தவர் தினமும் கையால் செய்யும் வேலை பெரும்பாலும் பட்டியலின் தலையில் வரும். கோலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் போட்டது மாலைக்குள் கால்பட்டு அழிகிறது. எத்தனை புள்ளி, நேர்ப்புள்ளியா இடைப்புள்ளியா, எங்கே தொடங்கி எந்தப் பக்கமாகக் கையைத் திருப்புகிறார் என்பது போடுபவரின் விரலில்தான் இருக்கிறது. அடுத்தது பாதைகள்: பள்ளிக்கு எந்தச் சந்து வழியாக நடந்தீர்கள், வழியில் என்னென்ன கடைகள். பிறகு விலைகள், பிறகு ஓசைகள், பிறகு வீட்டுக்குள் மட்டும் வழங்கும் பட்டப்பெயர்களும் சொல்வழக்குகளும். குழந்தைகள் சொற்களைத் தவறாகச் சொல்லும் பருவம் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. அதை அன்றே எழுதிவிட வேண்டும்.

நோட்டும் பேனாவும்

அழகான டைரி வாங்காதீர்கள். அழகான நோட்டில் அழகானதை மட்டும் எழுதத் தோன்றும். தைத்துக் கட்டிய சாதாரண நீள நோட்டு போதும். பசை போட்டு ஒட்டியவற்றில் சில வருடங்களில் தாள்கள் உதிரத் தொடங்கும். நீல நிற மைப்பேனா மை பெரும்பாலும் தண்ணீர் பட்டால் கரையும், ஜெல் பேனா மைகளிலும் சில கரையும். நிறமி கலந்த கறுப்பு மைப் பேனாவோ சாதாரண பென்சிலோ நல்லது. பென்சில் எழுத்து வெளிச்சத்தில் வெளிறாது, நனைந்தாலும் கலங்காது. விலை குறைவு என்பதால் பலர் அதை மதிப்பதில்லை.

நேரத்தை ஏற்கெனவே நடக்கும் ஒரு வேலையோடு கட்டிப்போடுங்கள். இரவு பால் உறை ஊற்றிய பிறகு, கதவைப் பூட்டிய பிறகு, இப்படி. நோட்டு அந்த இடத்திலேயே இருக்கட்டும். அலமாரியில் பூட்டிவைத்த நோட்டை யாரும் எடுப்பதில்லை.

எழுதும் முறை

இந்த வழிகாட்டியில் இதுவே முக்கியமான பகுதி. பலர் இப்படி எழுதுகிறார்கள்:

"இன்று நல்ல நாளாக அமைந்தது. குடும்பத்துடன் மகிழ்ச்சியாக நேரம் கழிந்தது."

இதில் ஆள் இல்லை, இடம் இல்லை, நாளே இல்லை. எந்த வீட்டிலும் எந்த வருடத்திலும் எழுதியிருக்கலாம். அதே நாளை இப்படி எழுதிப் பாருங்கள்:

"வியாழக்கிழமை. காலை ஏழு மணிக்கே மின்சாரம் போய்விட்டது. மிக்ஸி ஓடாததால் அம்மா அம்மியைக் கழுவித் துவையல் அரைத்தார். குழவியைப் பிடித்தால் வலது மணிக்கட்டு வலிக்கிறது என்று இரண்டு தடவை சொன்னார். நான் அரைக்கிறேன் என்றதற்கு, நீ அரைத்தால் திப்பி திப்பியாக இருக்கும் என்று தரவில்லை. அப்பா திண்ணையில் செய்தித்தாளை மடித்து விசிறிக்கொண்டிருந்தார். தக்காளி கிலோ 60 ரூபாய். பக்கத்து வீட்டில் புதிதாக நாய்க்குட்டி, இரவெல்லாம் அழுதது."

மகிழ்ச்சி என்ற சொல் இதில் எங்கும் இல்லை. ஆனால் அந்த அம்மா யார், மகளிடம் எப்படிப் பேசுவார், எதை விட்டுக்கொடுக்க மாட்டார் என்று தெரிகிறது. பின்னால் வாசிக்கிறவர் உணர்ச்சியைத் தானே உண்டாக்கிக்கொள்வார். அவருக்கு வேண்டியது பொருள்கள்.

ஆகவே ஒவ்வொரு பதிவிலும் தேதியோடு கிழமை இருக்கட்டும். கண்ணால் கண்ட ஒன்று, காதால் கேட்ட ஒரு வாக்கியம், ஒரு விலை அல்லது அளவு. இந்த மூன்றும் இருந்தால் நான்கு வரியே போதும். கேட்ட வாக்கியத்தைப் பேசியபடியே எழுதுங்கள். திருத்தி எழுத்து நடைக்கு மாற்றினால் குரல் போய்விடும். உங்கள் ஊர்ச் சொல், உங்கள் வீட்டு உச்சரிப்பு அப்படியே விழட்டும்.

விலை எழுதுவதைப் பலர் அற்பமாக நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் பழைய நோட்டுகளை எடுத்தால் எல்லோரும் முதலில் சத்தம்போட்டு வாசிப்பது விலைகளைத்தான். அங்கிருந்துதான் பேச்சு தொடங்குகிறது.

நடுவில் நாட்கள் விட்டுப்போகும். விட்ட நாட்களை உட்கார்ந்து நினைவிலிருந்து நிரப்பாதீர்கள். அப்படி நிரப்பியது பொதுவான வாக்கியங்களாகத்தான் வரும். அன்றைய தேதியைப் போட்டு அன்றிலிருந்து தொடருங்கள்.

ஒரு முழு நாள்

தினமும் எழுத இயலாதவர்களுக்கு இங்கிலாந்திலிருந்து ஒரு நல்ல முறை இருக்கிறது. 1937-இல் அங்கே மாஸ் அப்சர்வேஷன் என்ற அமைப்பு தொடங்கியது. சாதாரண மக்களைத் தங்கள் நாளை விழித்ததிலிருந்து உறங்கும் வரை எழுதச் சொன்னார்கள். அந்த ஆண்டு மே 12 மன்னர் ஆறாம் ஜார்ஜின் முடிசூட்டு நாள். அன்று மக்கள் என்ன சாப்பிட்டார்கள், யாரோடு பேசினார்கள், எங்கே சலித்துப்போனார்கள் என்பது அவர்கள் கையெழுத்திலேயே சேர்ந்தது. இன்று அந்தக் காப்பகம் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் இருக்கிறது. 2010 முதல் ஒவ்வொரு மே 12 அன்றும் பொதுமக்களிடமிருந்து ஒருநாள் குறிப்புகளைக் கேட்டு வாங்குகிறார்கள்.

நீங்களும் வருடத்தில் ஒரு தேதியைக் குறியுங்கள். பண்டிகையோ பிறந்தநாளோ வேண்டாம். எதுவும் நடக்காத ஒரு செவ்வாய்க்கிழமையாக இருந்தால் மிக நல்லது. அன்று கைப்பையில் ஒரு சிறு நோட்டு. ஒவ்வொரு மணி நேரத்துக்கும் இரண்டு வரி. வீட்டில் இருக்கும் எல்லோரும் தனித்தனியாக எழுதினால் இன்னும் சிறப்பு. ஒரே காலையை மாமியார் ஒரு விதமாகவும் பத்து வயதுப் பேரன் வேறு விதமாகவும் பார்த்திருப்பார்கள். எழுதத் தெரியாதவர் சொல்லச் சொல்ல மற்றவர் எழுதலாம்.

படம் எடுக்கும்போது

முகங்களைக் குறைத்து இடங்களைக் கூட்டுங்கள். ஒவ்வோர் அறையையும் வாசற்படியில் நின்று, ஒதுங்க வைக்காமல், இருக்கிறபடியே எடுங்கள். சமையலறை அலமாரியைத் திறந்து எடுங்கள். டப்பாக்களும் அதன் மேல் ஒட்டிய சீட்டுகளும் தெரிய வேண்டும். குளிர்சாதனப் பெட்டியின் உட்புறம், செருப்பு விடும் இடம், மருந்து டப்பா, படுக்கையருகே இருக்கும் பொருள்கள். தெருவை உங்கள் வாசலிலிருந்து இருபுறமும் எடுங்கள். அடுத்த வருடமும் அதே இடத்தில் நின்று எடுங்கள். எதிர் வீட்டு ஓட்டுக்கூரை இடிந்து மாடி எழும்புவது அப்படித்தான் பதிவாகும்.

கைகளை எடுங்கள். பூத் தொடுக்கும் கை, முறுக்குச் சுற்றும் கை, இஞ்சி தட்டும் கை. இதற்குக் காணொளி இன்னும் ஏற்றது. அம்மா "ஒரு கை உப்பு" என்று சொன்னால் அந்தக் கை உப்பைத் தராசில் போட்டுக் கிராமில் எழுதிக்கொள்ளுங்கள். எத்தனையோ வீடுகளில் சமையல் குறிப்பு இருக்கிறது, அந்தக் கையின் அளவு இல்லை. அதனால் ருசி வருவதில்லை.

எடுத்த படத்துக்குத் தலைப்பு எழுதாவிட்டால் பாதி வேலைதான் முடிந்தது. யார், எங்கே, எப்போது என்பதோடு படத்தில் தெரியாத ஒன்றையும் எழுதுங்கள்: என்ன வாசனை, பின்னால் யார் பேசிக்கொண்டிருந்தார், படம் எடுத்தது யார். பழைய அச்சுப் படங்களின் பின்புறம் மென்மையான பென்சிலால் ஓரத்தில் மட்டும் எழுதுங்கள். பால்பாயின்ட் அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும்.

வாட்ஸாப்பில் வழக்கம்போல் அனுப்பிய படம் சுருங்கிவிடும், எடுத்த தேதி போன்ற உள்தகவலும் போய்விடும். காத்துவைக்க வேண்டிய படத்தை ஆவணமாக இணைத்து அனுப்புங்கள்.

குரல்

பெரியவர்களின் படங்கள் எத்தனை இருந்தாலும் குரல் இல்லாத வீடுகள் பல. இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

கைப்பேசியே போதும். விமானப் பயன்முறையில் போடுங்கள், பேச்சின் நடுவே அழைப்பு வராது. மின்விசிறியை நிறுத்துங்கள் அல்லது குறையுங்கள். காதுக்குப் பழகிய அந்த இரைச்சல் ஒலிப்பதிவில் பெரிதாகக் கேட்கும். மேசையில் ஒரு துண்டை மடித்துப் போட்டு அதன் மேல் கைப்பேசியை, பேசுபவரிடமிருந்து ஒரு முழத் தூரத்தில் வையுங்கள். வசதி இருந்தால் ஒலியைச் சுருக்காமல் சேமிக்கும் வேவ் (WAV) வடிவத்தில் பதியுங்கள். ஒற்றைத் தடத்தில் (மோனோ) ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 350 எம்பி ஆகும், அது பெரிய இடம் இல்லை. தொடங்கும்போது தேதி, இடம், பேசுபவர் பெயர் மூன்றையும் நீங்களே சொல்லுங்கள். கோப்பின் பெயர் மாறிப்போனாலும் அந்தக் குரல் அடையாளம் சொல்லும்.

"உங்கள் வாழ்க்கையைப் பற்றிச் சொல்லுங்கள் தாத்தா" என்று கேட்டால், "என்னப்பா சொல்ல, எல்லாம் போய்விட்டது" என்பார். சின்னதாகக் கேளுங்கள். உங்கள் வீட்டில் காலையில் முதலில் எழுந்தவர் யார்? கிணறு எவ்வளவு தூரம், யார் இறைப்பார்கள்? மழை பெய்தால் எங்கே ஒழுகும்? பள்ளிக்கூடத்துக்குச் சாப்பாடு என்ன கட்டிக்கொண்டு போனீர்கள், எதில் கட்டினார்கள்? முதல் சம்பளம் எவ்வளவு, அதில் யாருக்கு என்ன வாங்கினீர்கள்? பதில் வந்த பிறகு அவசரப்பட்டு அடுத்ததைக் கேட்காதீர்கள். நான்கைந்து நொடி மௌனமாக இருங்கள். பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் சொல்ல நினைக்காதது வெளியே வரும்.

நேர் எதிரே உட்காரவைத்துக் கேட்பதைவிடக் கையில் வேலை இருக்கும்போது கேட்பது நல்லது. மொச்சை உரித்துக்கொண்டே, பூத் தொடுத்துக்கொண்டே பேசுபவரின் குரலில் கூச்சம் இருக்காது. உரிக்கும் ஓசையும் சேர்ந்து பதியட்டும்.

பேட்டி எடுக்காமலும் பதியலாம். விடிகாலையில் வாசலில் ஐந்து நிமிடம் கைப்பேசியை வைத்துவிடுங்கள். வாளியும் துடைப்பமும், பால் வண்டியும், தூரத்துக் கோயில் மணியோ பாங்கோசையோ, எதிர் வீட்டுக் குக்கர் விசிலும் வரிசையாக விழும்.

தாள்கள்

வீட்டுக் கணக்கு நோட்டு, மொய் நோட்டு, மளிகைப் பட்டியல், கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதியும் பால் வராத நாளும் குறித்த மாதக் காலண்டர் இவை எல்லாம் யாரும் பதிவு என்று நினைக்காமல் எழுதிய பதிவுகள். மொய் நோட்டு ஒன்றை எடுத்துப் பாருங்கள். யார் யார் வந்தார்கள், எந்த ஊரிலிருந்து, அவரவர் வசதி என்ன, எந்த உறவு நெருக்கம் என்று ஒரு குடும்பத்தின் வரைபடமே அதில் இருக்கும். வருட முடிவில் காலண்டரைத் தூக்கி எறியாமல் சுருட்டி வையுங்கள்.

கடை இயந்திரங்களில் வரும் வழவழப்பான ரசீதுகள் வெப்பத்தால் அச்சாகிறவை. சில மாதங்களிலோ ஆண்டுகளிலோ வெளிறி வெற்றுத் தாளாகிவிடும். வைத்துக்கொள்ள வேண்டுமானால் உடனே படமெடுங்கள். எதையும் லேமினேஷன் செய்யாதீர்கள், அதைத் திரும்பப் பிரிக்க முடியாது. செய்தித்தாள் நறுக்குகளை மற்றத் தாள்களோடு சேர்க்காமல் தனி உறையில் போடுங்கள். அதன் அமிலம் பக்கத்துத் தாளையும் பழுப்பாக்கும்.

கேட்டுச் செய்யுங்கள்

குரலைப் பதிவதாக இருந்தால் சொல்லிவிட்டுப் பதியுங்கள். ஒளித்துவைத்துப் பதிந்ததை நாளைக்கு யாரிடமும் போட்டுக்காட்ட முடியாது. வீட்டு வேலைக்கு வருபவர், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இவர்களைப் படமெடுக்கும்போது இன்னும் கவனம் வேண்டும். "இதை எழுதாதே" என்று ஒருவர் சொன்னால் எழுத வேண்டாம். சண்டைகளை எழுதலாமா என்று கேட்பார்கள். எழுதலாம் என்பது என் கருத்து. ஆனால் நடந்ததை எழுதுங்கள், தீர்ப்பு எழுதாதீர்கள். இந்தப் பதிவுகளைச் சமூக வலைத்தளங்களில் போடும் எண்ணம் வந்தால் தனியாக ஒரு முறை அனுமதி கேளுங்கள். மற்றவர் பார்ப்பார்கள் என்ற நினைப்பு வந்ததும் எழுதுகிற நமக்கே கை மாறிவிடுகிறது.

காத்துவைத்தல்

கோப்புகளுக்குப் பெயர் வைக்கும்போது வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் எண்களை முதலில் போடுங்கள், பிறகு இடமும் பொருளும்: 2025-06-14-மதுரை-பாட்டி-கோலம். கணினி தானாகவே கால வரிசைப்படி அடுக்கிவிடும்.

மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்றாவது வீட்டுக்கு வெளியே. காப்பகத் துறையில் இருப்பவர்கள் பின்பற்றும் விதி இது. ஒன்று கணினியில், ஒன்று தனி ஹார்ட் டிஸ்கில், ஒன்று வேறு ஊரில் இருக்கும் உறவினரிடமோ இணையச் சேமிப்பிலோ. பென் டிரைவை மட்டும் நம்பாதீர்கள். வருடத்துக்கு ஒரு முறை எல்லாவற்றையும் திறந்து பாருங்கள்.

2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் தரைத்தளங்களில் புகுந்தபோது கீழ்த்தட்டு அலமாரிகளில் இருந்த ஆல்பங்கள் எத்தனையோ நனைந்தன. ஆல்பங்களும் நோட்டுகளும் தரையிலிருந்து உயரத்தில் இருக்கட்டும், ஆனால் பரணில் வேண்டாம், அங்கே வெப்பம் அதிகம். ஸ்டூடியோவில் கழுவிய பழைய படங்கள் நனைந்து ஒட்டிக்கொண்டால் காயவிட்டுப் பிய்க்கக் கூடாது. சுத்தமான குளிர்ந்த நீரில் ஊறவைத்து மெதுவாகப் பிரித்து, படப்பக்கம் மேலாக நிழலில் உலர்த்துங்கள். உடனே செய்ய முடியாவிட்டால் பிளாஸ்டிக் பையில் போட்டு உறைபெட்டியில் (ஃப்ரீசரில்) வைத்தால் பூஞ்சை பிடிக்காது, பிறகு நிதானமாகப் பார்க்கலாம்.

கடைசிப் பக்கம்

நோட்டின் கடைசிச் சில பக்கங்களை முதலிலேயே விட்டுவையுங்கள். அங்கே ஓர் ஆள் பட்டியல் வேண்டும். நாம் எழுதும்போது "அத்தை வந்தார்" என்று எழுதிவிடுகிறோம். அத்தை என்றால் அப்பாவின் தங்கையா, மாமாவின் மனைவியா, மாமியாரா என்பது எழுதியவருக்கு மட்டும்தான் தெரியும். பெரியம்மா, சின்னத் தாத்தா, குண்டு மாமா, மேட்டுத்தெரு சித்தி எல்லோருக்கும் இதே கதி. ஒவ்வொருவருக்கும் முழுப் பெயர், பிறந்த ஊர், உங்களுக்கு எந்த வழியில் உறவு என்று ஒரு வரி எழுதுங்கள். ஒரு சிறிய வம்ச வரைபடமும் போடுங்கள். நோட்டு எங்கே இருக்கிறது, ஹார்ட் டிஸ்க் எந்த அலமாரியில், கடவுச்சொல் என்ன என்பதை வீட்டில் குறைந்தது இரண்டு பேருக்குச் சொல்லிவையுங்கள். அவர்களில் ஒருவராவது உங்களைவிட இளையவராக இருக்க வேண்டும்.